காற்றில் வரும் நீர்: கம்பியில்லா இணையமும் நம் மஹல்லாக்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை



2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது எங்கள் மதரஸா மூடப்பட்டு, மாணவர்கள் அவரவர் ஊர்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அலுவலக அறையில் இருந்த இணைய இணைப்பு மட்டும் ஓயாமல் இயங்கியது. அதன் வழியாகவே ஆசிரியர்களாகிய நாங்கள் கைபேசியில் பாடம் நடத்தி வந்தோம்.

சில நாட்களில் மதரஸாவின் வெளிச்சுவரை ஒட்டிய திண்ணையில் பிள்ளைகள் கூடத் தொடங்கினர். அவர்கள் எங்கள் மாணவர்கள் அல்லர். அக்கம்பக்கத்துத் தெருக்களில் குடியிருந்துகொண்டு காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களின் பிள்ளைகள். எப்படியோ எங்கள் கடவுச்சொல் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் பாடக் காணொலிகளை அங்கே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். கூட்டம் கூடுகிறதே என்று அஞ்சினோம். யாரேனும் தவறான ஒன்றைப் பார்த்துவிட்டால், அனுப்பிவிட்டால், பழி மதரஸாவின் மீதல்லவா வரும் என்றும் அஞ்சினோம். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம்.

மறுநாள் ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், புள்ளைங்க உங்ககிட்ட காசு கேக்கல, சோறு கேக்கல. காத்துல வர்றதத்தானே புடிச்சிக்கிட்டாங்க?" என்றார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

காற்றில் வருவது யாருக்கு உரியது? அந்தத் தாய் கேட்ட கேள்வி புதியதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நம் நாட்டில் பல்வேறு வடிவங்களில் கேட்கப்பட்டு வருகிறது. அதன் வரலாற்றை அறிந்தால்தான் நம் பொறுப்பு எது என்பதும் விளங்கும்.

சென்னையில் ஒரு சங்கம்

நம் தோல் வட்டாரத்துக் கல்வி வரலாற்றில் 1924-ஆம் ஆண்டு மறக்க இயலாதது. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் தொடங்கப்பட்டது அவ்வாண்டில்தான். அதே 1924-இல், மே மாதம் 16-ஆம் நாள், சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்ற சங்கத்தை நிறுவினார். அரசாங்கமோ பெரும் நிறுவனமோ அதைத் தொடங்கவில்லை. ஆர்வமுள்ள குடிமக்கள் ஒன்றுகூடிச் சந்தா செலுத்தி, ஒலிபரப்புக் கருவி அமைத்து, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பினர். நம் மாநிலத்தில் சமூகம் தன் கையால் அமைத்துக்கொண்ட முதல் கம்பியில்லா வலை என்று இதனைக் கூறலாம்.

மூன்றாண்டுகளில் பணமுடை வந்தது. 1927-இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. ஆனால் கருவியை விற்றுக் காசாக்காமல் சென்னை மாநகராட்சிக்கு அளித்தது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டில் வானொலி வாங்க வசதியற்ற மக்களும் கேட்கும்படி கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பாயின. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் அந்த முயற்சி நிறைவுற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சங்கம் வைத்திருந்தபோது அது சந்தா செலுத்திய உறுப்பினர்களின் பொழுதுபோக்கு. மாநகராட்சியின் ஒலிபெருக்கி கடற்கரைக்கு வந்த பிறகுதான் அது பொதுவுடைமை ஆயிற்று. கருவி அதுவே, காற்றும் அதுவே. எங்கே வைத்தார்கள் என்பதில்தான் மாற்றம் இருந்தது. வரலாறு நெடுகிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

பூட்டப்பட்ட காற்று

மறுபக்கத்தில் சட்டம் காற்றைப் பூட்டி வைத்திருந்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசாங்கத்திற்கே வழங்கியது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டு வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். ஆள்வோரின் அச்சத்தில் பிறந்த அச்சட்டங்கள் விடுதலைக்குப் பின்னரும் நீடித்தன.

1995 பிப்ரவரி 9-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒரு திருப்புமுனை. கிரிக்கெட் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை குறித்து, வங்காளக் கிரிக்கெட் சங்கத்திற்கும் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திற்கும் இடையே எழுந்த வழக்கு அது. காற்றலைகள் பொதுச் சொத்து, பொதுநன்மைக்காகவே அவை ஆளப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதன் பின்னரே சமூக வானொலிக்கு வழி பிறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். அவ்வகையில் நாட்டிலேயே முதலாவது.

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தமைந்த நபிமொழியை அபூதாவூதில் நம் மாணவர்கள் ஓதுகிறார்கள். ஃபுகஹாக்கள் அதனை விளக்கும்போது ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுவர். ஆற்றில் ஓடும் நீர் அனைவருக்கும் பொது. ஒருவர் தம் குடத்தில் முகந்துகொண்ட நீர் அவருக்குச் சொந்தம். காற்றலை என்பது ஆறு. நாம் மாதக் கட்டணம் செலுத்திப் பெறும் இணைய இணைப்பு குடத்து நீர். எனவே அந்தத் தாய் கூறியது முழுமையாகச் சரியன்று. அதே வேளையில், தேவைக்கு மேல் எஞ்சிய நீரை வழிப்போக்கருக்கு மறுத்தவரை மறுமையில் அல்லாஹ் பார்க்க மாட்டான் என்ற எச்சரிக்கையும் ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. எங்கள் குடம் அந்த நாட்களில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் மறுக்க முடியாது.

வில்லியனூரும் நல்லவாடும்

தமிழ் நிலத்தில் கிராமங்களைக் கம்பியின்றி இணைக்கும் பெருமுயற்சி புதுச்சேரியில் 1998-இல் தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றியுள்ள கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. ஆகவே காவல்துறையினர் பயன்படுத்தும் வாக்கி டாக்கியைப் போன்ற இருவழி வானொலிக் கருவிகளின் மூலம் கணினிச் செய்திகளை அனுப்பினர். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளியையும் துணைக்கொண்டனர்.

மையத்திற்கான இடத்தை ஊரே தர வேண்டும், அவ்விடத்திற்குத் தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி வந்து செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலம் கிராமத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. அதைப் பெண்கள் நடத்தினர். கருவியை விடவும் அந்த நிபந்தனையே பெரிய புரட்சி என்பது நம் கருத்து. ஊர்ப் பொது இடம் என்று நாம் வாயால் சொல்லும் இடங்களில் யார் யார் உண்மையில் நுழைய முடிகிறது என்ற கேள்வியை அந்தக் கணினி எழுப்பிவிட்டது.

வீராம்பட்டினத்தில் மீனவர்களின் தேவை வேறு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை நாள்தோறும் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். ஒரு வல்லரசு தன் போர்க்கப்பல்களுக்காகத் திரட்டிய தகவல், கட்டுமரத்தில் செல்பவரின் உயிரைக் காக்கப் பயன்பட்டது. 2001-இல் இத்திட்டத்திற்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

விருதைவிடப் பெரிய சான்று 2004 டிசம்பர் 26 காலையில் வந்தது. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த, சிங்கப்பூரில் பணியாற்றிய ஓர் இளைஞர், ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. சுமார் 3,600 பேர் வசித்த அவ்வூர் மக்கள் கடலோரத்தை விட்டு விலகி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் எஞ்சின. ஒரு தனிமனிதரின் கைபேசியில் மட்டும் அச்செய்தி வந்திருந்தால் அவருடைய வீட்டார் தப்பியிருப்பார்கள். பொது இடத்தில் பொதுக் கருவி இருந்ததால் ஊரே தப்பியது.

மேலூர் கற்பித்த பாடம்

இரண்டாவது முயற்சி மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நடந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் கார்டெக்ட் என்ற உள்நாட்டுக் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தனர். கோபுரத்தில் இருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு வரை, தொலைபேசியையும் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட் வேக இணையத்தையும் ஒருசேரத் தரவல்லது அது. இன்று நம் கைபேசிகளோடு ஒப்பிட்டால் அந்த வேகம் நத்தை வேகம். அன்று கிராமத்திற்கு அது அதிசயம். 2001-இல் தொடங்கிய திட்டத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் என்-லாக் நிறுவனமும் பங்கேற்றன. கிராமங்களில் சிறு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்காமல் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது.

பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் மிச்சமாயின. அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகரின் தேவையும் குறைந்தது. இதனை நாம் அரசியல் மாற்றம் என்றே கூறுவோம். தன் உரிமையைப் பெற யாருடைய தயவையும் நாடாத நிலைதானே குடியுரிமையின் பொருள்?

ஆயினும் அது நிலைக்கவில்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறினர். பின்வந்தோர் அதே அக்கறை கொள்ளவில்லை. இணையவழி அரசுச் சேவை படிப்படியாக நின்றது. வருமானம் குறைந்ததால் மையங்கள் பலவும் மூடப்பட்டன. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். மையங்களைப் பயன்படுத்தியோரில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், ஓரளவு வசதியுள்ளோர், சமூகத்தில் முன்னேறிய பிரிவினர் என்று அவர்கள் கண்டனர். ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் நிலைநிறுத்திவிடவும் கூடும் என்றும் எச்சரித்தனர். விதிவிலக்கும் இருந்தது. பின்தங்கிய மக்களின் குடியிருப்புக்கு அருகே மையம் அமைந்த இடங்களிலும், அம்மக்களிடையே இருந்தே ஒருவர் முன்னின்று அழைத்த இடங்களிலும் அவர்களுடைய வருகை கூடியது.

ஆக, கருவியை நட்டுவிட்டால் நீதி தானாக முளைப்பதில்லை. கருவியை எந்தத் தெருவில் வைக்கிறோம், யார் கையில் சாவி இருக்கிறது, யாரை யார் அழைக்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே பலன் அமைகிறது.

2005: பூட்டுத் திறந்தது

2005 ஜனவரியில் ஒன்றிய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலுடன் உரிமம் இன்றியே யாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வைஃபை என்று நாம் அழைக்கும் கருவிகளில் பலவும் இயங்குவது இந்த அலைவரிசையில்தான். 1933-இல் போடப்பட்ட பூட்டின் ஒரு கதவு அப்போது திறந்தது.

அதன் முதற்பயன் தர்மசாலாவில் தெரிந்தது. திபெத்திய அகதிகள் வாழும் அம்மலையூரில், பள்ளிகளையும் அலுவலகங்களையும் ஏர்ஜல்தி என்ற வலை இணைத்தது. ஒரு வீட்டின் கருவி அடுத்த வீட்டிற்கும், அது அதற்கடுத்த வீட்டிற்கும் செய்தியைக் கடத்தும் பின்னல் முறை அது. ஒரு கருவி பழுதானாலும் செய்தி வேறு வழியாகச் சுற்றிச் செல்லும்.

நம் மாநிலத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை இதைப் பயன்படுத்திய விதம் பாராட்டுக்குரியது. வைஃபை ஒரு வீட்டின் சுவர்களுக்குள் இயங்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. ஒரு கருவி செய்தியை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தாண்டும்போது அந்தப் பதில் தாமதமாகும். உடனே கருவி, செய்தி தொலைந்ததாக எண்ணி மீண்டும் அனுப்பும். இதனால் வேகம் படுத்துவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மென்பொருளைத் திருத்தி, இரு கருவிகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தனர். கருவிக்கான செலவு குறைவாகவே இருந்தது. 2006 வாக்கில் ஐந்து கண் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டிருந்தன. தம் ஊரிலேயே அமர்ந்து, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பை ஏழை விவசாயத் தொழிலாளர்கள் பெற்றனர். கண்ணாடி அணிந்தால் போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது ஒரு நாள் கூலியை இழக்காமலே தெரிந்தது.

நேபாளத்தின் நாங்கி கிராமத்தில் ஆசிரியர் மகாவீர் புன் இதே பணியைச் சட்டம் அனுமதிக்காத நாட்களிலேயே தொடங்கியிருந்தார். உள்நாட்டுப் போர் நடந்த காலம். கம்பியில்லாக் கருவியை நாட்டிற்குள் கொண்டுவருவதே ஆபத்து. மலைமுகட்டு மரங்களில் அலைவாங்கிகளைக் கட்டிக் கிராமங்களை இணைத்தார். 2007-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஓர் ஆசிரியரின் பணி வகுப்பறைச் சுவரோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

நம் வட்டாரத்திற்கு மிக நெருக்கமான முன்மாதிரி மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி. நம்முடையது தோல் என்றால், அவர்களுடையது தறி. அங்கே நெசவாளர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். டிஜிட்டல் எம்பவர்மென்ட் ஃபவுண்டேஷன், இன்டர்நெட் சொசைட்டியுடன் சேர்ந்து 2010-இல் சமூகங்களுக்கான கம்பியில்லா வலைத் திட்டத்தைத் தொடங்கியபோது சந்தேரியும் அதில் இடம்பெற்றது. பழைய சேலை வடிவங்கள் கணினியில் பதியப்பட்டன. உள்ளூர் இளைஞர்களுக்கே கருவிகளை நிறுவவும் பழுதுபார்க்கவும் பயிற்சி அளிக்கப்பட்டது. வெளியூர்ப் பொறியாளர் வரும்வரை காத்திருக்கும் நிலை இருந்தால் அது சமூகத்தின் வலை ஆகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004-இல் தொடங்கிய கீஃபி வலை பல்லாயிரம் இணைப்புகளோடு இன்றும் நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே பயனாளிகளே வலையின் உரிமையாளர்கள்.

அச்சத்தின் வரலாறு

எங்கள் கடவுச்சொல்லை மாற்றவைத்த அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. நவி மும்பையில் வசித்த ஒரு வெளிநாட்டவரின் பூட்டப்படாத வைஃபை வழியாக, அவருக்கே தெரியாமல், அது அனுப்பப்பட்டிருந்தது. அவர் நீண்ட விசாரணைக்கு ஆளானார். அதன்பின் 2009-இல், இணைப்பைப் பயன்படுத்துவோரின் அடையாளம் பதிவாக வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கட்டளையிட்டது. ஜெர்மனியிலும் பிறர் செய்த தவறுக்கு இணைப்பைத் திறந்து வைத்தவரே பொறுப்பாகும் சட்டநிலை நீண்டகாலம் இருந்தது. 2017-இல்தான் அது பெருமளவு தளர்த்தப்பட்டது.

முஸ்லிம் நிறுவனம் ஒன்றின் இணைப்பில் இத்தகைய தவறு நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. எச்சரிக்கை கோழைத்தனமன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றவர்கள் நாம். ஆனால் கட்டுவது வேறு, ஒட்டகத்தை ஒளித்து வைப்பது வேறு. நாங்கள் செய்தது இரண்டாவது.

அரசின் கையிலும் பூட்டு உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தபின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5-இல் நிறுத்தப்பட்ட அதிவேகக் கைபேசி இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. ஊரடங்குக் காலத்துப் பிள்ளைகள் அங்கே குறைவேக இணைப்பில் பாடம் படிக்கத் திணறினர். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-இல் உச்சநீதிமன்றம், இணையத்தின் வழியாகக் கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புப் பெற்றவை என்றும், காலவரம்பின்றி இணையத்தை நிறுத்தக்கூடாது என்றும் கூறியது.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2019 செப்டம்பரில், கேரள உயர்நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் என்ற கல்லூரி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. விடுதியில் கைபேசிப் பயன்பாட்டுக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்ததற்காக அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். இங்கே பூட்டியது அரசன்று, கல்விக்கூடம். மதரஸாக்களை நடத்தும் நாம் இதனை இருமுறை படிக்க வேண்டும்.

பாலாறு நமக்குச் சொன்னது

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நம் ஊர்களுக்குப் பொதுச் சொத்தைப் பற்றி எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நன்மையையும் கண்டோம், தீமையையும் கண்டோம்.

தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு அளித்த பெரியோர் நம்மிடையே வாழ்ந்தனர். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1924-இல் உமராபாத் தாருஸ்ஸலாமும், 1965-இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அவ்வாறு எழுந்தவை. தனித்தனியே தம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க அவர்களிடம் வசதி இருந்தது. ஆனாலும் ஊருக்கென்று கட்டினர்.

அதே தொழில் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு தொழிற்கூடமும் தனித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாதபோது, பலரும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதே வழியாயிற்று. சேர்ந்து செய்வது எப்படி என்பதை நாம் அறிவோம். ஆனால் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தோம் என்பதும் உண்மை. ஆறு அனைவருக்கும் பொது என்பதை ஏட்டில் ஓதிய நாமே அதனை மறந்தோம். காற்றலை விஷயத்திலும் அத்தகைய தாமதம் வேண்டுமா?

இனி நாம் செய்யத்தக்கது

2020 டிசம்பர் 9-இல் ஒன்றிய அமைச்சரவை பிஎம்-வானி என்ற திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. முன்பு கடைவீதியில் மஞ்சள் பலகையுடன் எஸ்.டி.டி. பூத் இருந்ததல்லவா? அதைப் போலவே, ஒரு மளிகைக் கடையோ தேநீர்க் கடையோ உரிமமும் பதிவுக் கட்டணமும் இன்றிப் பொது வைஃபை வழங்கலாம். பயன்படுத்துவோர் தம் கைபேசி எண்ணைச் செயலியில் உறுதிசெய்து நுழைவர். கடைக்காரர் இதற்கென உள்ள ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றின்கீழ் இயங்குவார். எனவே யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவும் முறைப்படி இருக்கும். எங்களை அச்சுறுத்திய சிக்கலுக்குச் சட்டத்திற்கு உட்பட்ட விடை இதில் இருக்கிறது.

மஹல்லா ஜமாஅத்துகள் இதனைச் சிந்திக்கும்போது சில வரம்புகளைப் பேண வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, அமானத். மதரஸாவின் இணைப்புக்கு நன்கொடையாளர் அளித்த பணம் மதரஸாவிற்கானது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மீறுவது நமக்கு ஆகாது. வீட்டு இணைப்பைப் பிறருக்குப் பகிரக்கூடாது என்று சேவை நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால் அதையும் மதிக்க வேண்டும். ஆகவே இதற்கெனத் தனி இணைப்பும் தனி நிதியும் தேவை. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றைத் தம் பொருளைக் கொடுத்து வாங்கியே பொதுவாக்கினார்கள். பிறர் கிணற்றைத் திறந்துவிடவில்லை.

இரண்டாவது, இடம். மினாராக்கள் நம் ஊர்களில் உயர்ந்து நிற்பவை. கம்பியில்லா அலைக்கு ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் உயரமே முதல் தேவை. ஆனால் அலைவாங்கி உயரத்தில் இருக்கலாம், பயன்படுத்தும் இடம் தாழ்வாரத்தில் இருக்க வேண்டும். மேலூர் ஆய்வு காட்டியபடி, தொழிலாளர் குடியிருப்பின் பக்கத்திலும், பெண்கள் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய நிஸ்வான் மதரஸா போன்ற இடத்திலும் வைத்தால்தான் பலன் சென்று சேரும். எம்பலத்தின் நிபந்தனையையும் மறவாதிருப்போம். சமயமோ சாதியோ கேட்காமல் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உரியதாக இருக்க வேண்டும். ரூமா கிணற்றில் நீர் முகந்தவரிடம் யாரும் நீ யார் என்று கேட்கவில்லை.

மூன்றாவது, சாவி. முத்தவல்லி ஒருவரின் விருப்பத்திற்கேற்பத் திறக்கவும் மூடவும் கூடியதாக இருந்தால் அது பொதுவாகாது. ஆர்வமுள்ள அதிகாரி மாறியதும் மேலூர்த் திட்டம் தளர்ந்ததைப் போல, நிர்வாகம் மாறியதும் அதுவும் நின்றுபோகும். இரு இளைஞர்களும் இரு பெண்களும் கணக்கையும் கருவியையும் கவனிக்கப் பழகினால் அது நிலைக்கும். பிள்ளைகளைத் தீய காட்சிகளிலிருந்து காக்க வடிகட்டும் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் அவற்றைவிடப் பயனுள்ளது அருகில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரின் கனிந்த பார்வை.

எங்கள் தெருவில் இப்போது ஒரு தேநீர்க் கடையும் எங்கள் மதரஸாவின் சில பழைய மாணவர்களும் சேர்ந்து இதனைத் தொடங்கப் பேசி வருகின்றனர். நிதி திரட்டும் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாங்கள் ஏற்றுள்ளோம். இன்ஷா அல்லாஹ், நடக்கும் என்று நம்புகிறோம்.

அந்தத் தாயிடம் சென்ற ரமளானில் மன்னிப்புக் கேட்டோம். "அது அப்பவே போச்சு ஹஜ்ரத்" என்று சிரித்தார். அவருடைய மூத்த மகன் அந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றதைப் பிறகு அறிந்தோம். எங்கள் கடவுச்சொல்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அது காரணமே இல்லை என்று சொல்லவும் எங்களால் இயலவில்லை. எஞ்சிய நீரைப் பற்றிய ஹதீஸை வகுப்பில் ஓதிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் திண்ணை நினைவுக்கு வருகிறது.

நமக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு நிஃமத்தைக் குறித்தும் நாம் விசாரிக்கப்படுவோம். அதில் எஞ்சியதை என்ன செய்தோம் என்ற கேள்வியும் அடங்கும். அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, நம் கரங்களைப் பிறருக்குப் பயன்படுபவையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.